முழுக்கைச் சீருடை

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும், கை ஓடவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகள் சிட்டு என்னிடம் இருக்கிறாள், சாப்பிடுகிறாள், உயிருக்கு ஆபத்தில்லை. உங்கள் புது எண்ணை அண்ணன் எனக்குத் தரவில்லை. உங்கள் தோழியிடம் கெஞ்சி, உங்கள் வெளியூர் வேலையிடத்து முகவரியை வாங்கி எழுதுகிறேன்.

போன மாதம் பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்க வந்தவள், முழுக்கை வைத்துத் தைக்கச் சொன்னாள். இந்த வெயிலில் எதற்கடி, பெரிய ஆபீசர் என்று நினைப்பா என்று கேலி செய்துகொண்டே தைத்துக் கொடுத்தேன். ஏழு வயதுப் பிள்ளை ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. மறைப்பதற்கு நானே துணி வெட்டிக் கொடுத்திருக்கிறேன், அண்ணி.

செவ்வாய்க்கிழமை, சட்டைக் கை இறுக்குகிறது என்று வந்தாள். அளவு நாடாவை உதறி எடுத்தேன். சட்டென்று இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முதுகிலும் மேல்கையின் உட்பக்கத்திலும் பெல்ட் கொக்கியின் தடம். சில பழையவை, மஞ்சள் பூத்திருந்தன. சில புதியவை.

படியில் விழுந்துவிட்டாள் என்றார் அண்ணன். நான் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். விழுந்தால் முட்டியிலும் முழங்கையிலும்தான் அடிபடும், முதுகில் இப்படி வரிசையாகத் தடம் விழாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். குழந்தைகள் நல அலுவலருக்கும் அவரே தகவல் சொன்னார். பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இது அப்பாவுக்குத் தெரியுமா?

நேற்றும் இன்றும் அண்ணன் எதிர் மருந்துக்கடை வாசலில் நிற்கிறார். என் வாசலையே பார்க்கிறார். தையல் மெஷினை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். கூடப் பிறந்தவரைப் பார்த்துப் பயப்படும்படி ஆகிவிட்டது.

இருபதாம் தேதி விசாரணை. தாயின் வாக்குமூலம் இல்லாவிட்டால் பிள்ளையை அப்பாவிடமே திருப்பி அனுப்பவும் கூடும் என்கிறார் அலுவலர். அவருடைய எண்ணைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கடிதம் கிடைத்ததும் அவரைக் கூப்பிடுங்கள். அண்ணனிடம் முதலில் பேசிவிடாதீர்கள். அழுவார். என்னிடமும் அழுதார், நானே ஒரு நிமிஷம் இளகிவிட்டேன்.

நீங்கள் இங்கே இருந்தபோது உங்கள் முகத்து வீக்கத்தைப் பார்த்தும் நான் எதுவும் கேட்டதில்லை. நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். அதற்காக என்னை மன்னிக்க வேண்டாம். பிள்ளையை மட்டும் காப்பாற்றிக் கொடுங்கள். அலுவலரிடம் உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள், அண்ணி.

உங்கள் நாத்தனார்