தமிழ் தெரியாத காலுறை

பிப்ரவரி 3
இன்று முதல் வீட்டில் புதுச் சட்டம். தங்கை பட்டாணியிடம் நான் ஃபிரெஞ்சில்தான் பேச வேண்டும். அது அப்பாவின் மொழி. அவர் ஃபிரெஞ்சில் கேட்டால் அவள் தமிழில் பதில் சொல்கிறாள். ஐந்து வயசுக்கே அவ்வளவு திமிர். தாய்மொழியில் தகராறே இல்லை, தந்தைமொழிதான் தள்ளாடுகிறது.
"அக்கா பேசினா அவளும் பேசுவா. ஆரம்பிச்சு வைடி" என்றாள் அம்மா. அம்மாவா இதைச் சொல்வது! அவளும் அப்பாவும் எந்த மொழியிலும் பேசிக்கொள்ளாமல் மாசக்கணக்காகிறது.

பிப்ரவரி 7
சாமான்கள் மேல் ஃபிரெஞ்சுப் பெயர் எழுதி ஒட்டச் சொன்னார் அப்பா. ஒட்டினேன். வெண்ணெய்க் கிண்ணத்தில் மட்டும் 'செருப்பு'. காலையில் பட்டாணி, சுத்தமான ஃபிரெஞ்சில், ரொட்டியில் செருப்பு தடவித் தரச் சொன்னாள். அம்மாவே சிரித்துவிட்டாள்.
"விளையாட்டு இல்லம்மா இது" என்று என்னை முறைத்தார் அப்பா. அவருக்குக் கோபம் வந்தால்தான் தமிழ் வரும்.

பிப்ரவரி 8
விளையாட்டு இல்லாமல் எந்தக் குழந்தை பேசும்?

பிப்ரவரி 15
வழி கிடைத்துவிட்டது! ஜோடி தொலைந்த சாம்பல் காலுறை, கண்ணுக்கு இரண்டு பொத்தான், கையில் மாட்டினால் பொம்மை. நுனியில் கிழிசல், அதனால் பெயர் முசியே ஓட்டை, அதாவது திருவாளர் ஓட்டை. பாவம், தமிழ் தெரியாது. காதில் விழுந்தால் மயங்கிவிடுவார்.
பட்டாணி சோதித்தாள். "பூனை" என்றாள். அவர் விழுந்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவரை எழுப்ப ஃபிரெஞ்சில் கெஞ்சினாள்.

மார்ச் 2
குளிக்கும்போதும் முசியேயோடுதான் அரட்டை. பல் ஆடுகிறதாம். எனக்கு முன் அவருக்குச் செய்தி போயிருக்கிறது. அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். பெரிய ஆளாகிவிட்டேன்.

மார்ச் 19
அப்பாவின் ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சரம்மா வீடியோவில் பட்டாணியிடம் பேசினார். நான் மேஜைக்கடியில் உட்கார்ந்து முசியேயை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தேன். பட்டாணி பொரிந்து தள்ளினாள். டீச்சரம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சேர்த்துக்கொள்கிறார்களாம்.
எதற்குச் சேர்க்க வேண்டும்? அம்மாவைக் கேட்டேன். பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை அவள்.
"நாங்க பிரியறோம். அப்பா அவர் ஊருக்கே போறார். அவ அவரோட. நீ என்னோட."
"ஓ. ஆளுக்கொண்ணா?"
"பரீட்சை நேரம்னுதான் உன்கிட்ட சொல்லல."
"பொய்."
"சரி. சொல்லியிருந்தா அவளுக்குக் கத்துக்கொடுத்திருப்பியா?"
மாட்டேன். மாட்டவே மாட்டேன். அதனால்தானே சொல்லல! என் விரலை வைத்தே என் கண்ணைக் குத்திட்டாங்க. காலுறை மாட்டிக் குத்தினதால வலிக்கல, அவ்வளவுதான்.

மார்ச் 20
எல்லாரும் நல்லா இருங்க.

ஏப்ரல் 6
கிளம்பிவிட்டார்கள். முசியே வேண்டும் என்று வாசலில் பட்டாணி அழுதாள். "தொலைஞ்சு போச்சு" என்றேன். என் சட்டைக்குள் இருந்தார்.

நவம்பர் 22
வீடியோவில் பட்டாணி. பல் விழுந்து புதுப் பல்லே வந்துவிட்டது. "வலிச்சுதாடி?" என்றேன். ஃபிரெஞ்சில் பதில். "சாப்பிட்டியா?" அதற்கும் ஃபிரெஞ்சு. அம்மாவுக்கு அவள் வேகம் பிடிபடவில்லை. "என்ன சொல்றா? என்னடி சொல்றா?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.
உள்ளே போய் முசியேயை மாட்டிக்கொண்டு வந்தேன். பட்டாணி கத்தினாள், ஃபிரெஞ்சில் கொட்டினாள். முசியே மயங்கி விழுந்தார். மறுபடி பேசினாள். மறுபடி விழுந்தார்.
பட்டாணி திரைக்குக் கிட்டே வந்து அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு, எங்கிருந்தோ தேடியெடுத்து, "பூ... பூனை" என்றாள்.
முசியே எழுந்து உட்கார்ந்தார்.
அடுத்த சொல்லை அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே அப்பா சாப்பிடக் கூப்பிட்டார். ஓடிவிட்டாள்.
முசியேயை இன்னும் கழற்றவில்லை. இடது கையால் எழுதுகிறேன். அதான் இவ்வளவு கோணல்.