அலகைச் சுற்றிய நரம்பு

திண்டிவனம்,
ஞாயிறு காலை.

டேய்,

உன் நாரைப் படத்துக்கு முதல் பரிசு என்று ஃபோனில் கத்தினாய். வாழ்த்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அன்று கெடார் ஏரியில், யாரோ விட்டுப்போன தூண்டில் நரம்பு அலகைச் சுற்றி இறுக்கியிருக்க, அந்த நாரை மீன் பிடிக்க முடியாமல் தள்ளாடியது. "இயற்கையில நாம கை வைக்கக் கூடாதுடா" என்றாய். சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு கெண்டையை எடுத்து எறிந்தாய், வெளிச்சம் நன்றாக விழும் இடத்துக்கு அது வர வேண்டும் என்று. திறக்க முடியாத வாய்க்கு முன்னால் மீன்!

பக்கத்து வயலில் களையெடுத்த வேணியக்கா அரிவாளோடு தண்ணீரில் இறங்கினார். "பசியில சாவுது, நீங்க படம் புடிச்சிக்கினு நிக்கிறீங்களே! அறுத்து வுட்டா போச்சி."

"காட்டுப் பறவையத் தொட்டா கேஸுக்கா, உள்ள வெச்சிடுவாங்க" என்றாய்.

அக்கா அப்படியே கரையேறிவிட்டார். கேஸ் என்றால் கூலிக்குப் போகிறவர்கள்தான் பயப்படுவார்கள், காமிரா மாட்டியவன் பயப்பட மாட்டான். அது தெரிந்துதான் சொன்னாய்.

நாலு நாள் கழித்து நான் மட்டும் போனேன். நாரை கரையில் செத்துக் கிடந்தது, எறும்பு மொய்த்திருந்தது. அக்கா வரப்பில் தள்ளி நின்றே கேட்டார்: "தம்பி, செத்தத நான் பொதைச்சா கேஸு ஒண்ணும் வராதில்ல?"

நானே குழி வெட்டினேன்.

பரிசு வாங்கப் போகும்போது என்னைக் கூப்பிடாதே.

இப்படிக்கு,
உன் பக்கத்தில் நின்று அதே நாரையைப் படமெடுத்தவன்.