கல்லில் இல்லாத பெயர்

அக்கா,

இன்று காலை பழைய காரை உடைக்கக் கொடுப்பதற்காகத் துப்புரவாக்கினேன். நீங்கள் இருந்து வந்த இருக்கைக்குக் கீழே கையை விட்டபோது முள் குத்தியது. காய்ந்துபோன செஸ்நட் கொட்டையின் முள்ளுக் கோது. பிரான்சின் மலையூர் எதிலோ உங்கள் சால்வையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

இனி மருந்தால் பயனில்லை என்று ஜெர்மனியின் பான் நகர ஆஸ்பத்திரியில் சொன்ன கிழமை, “எங்கையாவது மலை பாக்கக் கூட்டிக்கொண்டு போ” என்றீர்கள். உங்கள் பிள்ளைகள் லூர்து மாதாவிடம் போகச் சொன்னார்கள். “கேக்க ஒண்டும் இல்லை” என்று மறுத்துவிட்டீர்கள்.

மதில் சூழ்ந்த பழைய பட்டினங்களில் தங்கித் தங்கி, வளைந்து ஏறும் பாதைகளில் போனோம். கற்கூரை வீடுகள், பூட்டிய கடைகள், ஆளில்லாத தெருக்கள். நீங்கள் எதையும் வடிவென்று சொல்லவில்லை. ஆனால் ஊர் நடுவில், உலகப் போரில் செத்தவர்களின் பெயர் வெட்டிய கல்லைக் கண்டால் மட்டும் “நிப்பாட்டு” என்பீர்கள். என் தோளைப் பிடித்து இறங்கி, அந்தப் பெயர்களை எழுத்துக் கூட்டி வாசிப்பீர்கள்.

எங்கள் தம்பிக்குக் கல் இல்லை. எங்கள் நாட்டுக் கடைசிப் போரில் அவன் ஆமியிடம் சரணடையப் போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். திரும்பி வந்ததைக் கண்டவர்கள் இல்லை. “அவன் எங்கையோ இருக்கிறான்” என்பதுதான் அன்றுமுதல் உங்கள் பேச்சு. சாகக் கிடந்த அம்மாவுக்கும் அதையே சொன்னீர்கள்.

ஒரு ஊரில், அந்தக் கல்லடியில் ஒரு கிழவர் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முன்பு ஜெர்மனியில் வேலை செய்தவராம். எங்கள் அரைகுறை ஜெர்மனுக்கு இறங்கி வந்து பேசினார். ஒரே குடும்பப் பெயர் மூன்று தரம் இருந்ததை நீங்கள் தொட்டுக் காட்டினீர்கள். மூவரும் அண்ணன் தம்பிகள் என்றார். கடைசி ஆளின் உடல் கிடைக்கவேயில்லையாம்.

“அப்படியென்றால் செத்தது எப்படித் தெரியும்?” என்று உங்கள் உடைந்த ஜெர்மனில் கேட்டீர்கள்.

“தெரியாது” என்றார். “தாய் பல வருடம் பெயரை வெட்ட விடவில்லை. பிறகு ஒருநாள் அவளே வந்து வெட்டச் சொன்னாளாம்.”

காரில் ஏறியதும் பெல்ட்டை இழுக்க உங்கள் கைக்குப் பலமில்லை. நான் குனிந்து போட்டுவிடும்போது காதடியில் கேட்டீர்கள்:

“தம்பி செத்துப்போனான், என்ன?”

“சும்மா இருங்கோ அக்கா.”

“ஓமெண்டு சொல்லடி. நான் போக முந்தி ஒராள் சொல்ல வேணும்.”

உங்கள் பக்கக் கதவைச் சாத்தினேன். காரை எடுத்தேன். அடுத்த ஊரில் கல் வந்தது. நீங்கள் நிறுத்தச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தீர்கள். அதற்குப் பிறகு தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் உங்களிடமிருந்து வரவில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை ரைன் ஆற்றங்கரையில் செய்தோம். அம்மா, அப்பா பெயர்களைச் சொல்லி முடித்த ஐயர் என்னிடம் திரும்பினார்.

“செத்துப்போன சகோதரங்கள் வேறை ஆரும் இருக்கினமோ? பேரைச் சொல்லுங்கோ.”

உங்கள் மகன் என் முகத்தையே பார்த்தான். தம்பியின் பெயர் நாக்குவரை வந்தது.

“இல்லை ஐயா” என்றேன்.

நீங்கள் அவனை அந்த மலையில் விட்டுவிட்டு வந்தீர்கள், அக்கா. எனக்கு ஏலவில்லை. தெரியாத இலக்கத்திலிருந்து போன் அடித்தால், வேலையிடத்திலும் ஈரக்கையோடு ஓடிப்போய் எடுக்கிறேன்.