படிவத்தில் எழுதிய ஐந்து

மார்ச் 4

மின்கட்டணச் சீட்டு வந்தது. அக்கா அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள், தேடப்படும் திருடனின் படத்தை ஒட்டுவது போல.

"மாடில அவ்வளவு வெயில் சும்மா கொட்டுது. சோலார் போட்டுடலாம்டா" என்கிறாள். மூன்று மாதமாக இதே பாட்டு. போடுவதில் எனக்கும் மறுப்பில்லை. பேனலைச் சொந்தமாக வாங்குவதா, கம்பெனியே போட்டுவிட்டு மாதா மாதம் வாடகை வாங்கிக்கொள்ளட்டும் என்று விடுவதா - இதில்தான் இழுபறி. அவள் வாங்கும் கட்சி.

"என் கூரைல இன்னொருத்தன் சாமானா? அதுக்கு நான் வாடகை வேற குடுக்கணுமா? நல்லா இருக்குடா நியாயம்!"

வீடு அவளுடையது. முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து, ஒண்டியாகக் கட்டிய வீடு. மனைவி இறந்தபிறகு ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தவன் நான். பதினொரு வருடமாகப் பின்னறை என்னுடையது. வாங்கும் கட்சி, வாடகைக் கட்சி என்று பேச எனக்கு வாய் வேறு.

மார்ச் 7

சோலார்காரர் வந்து மாடியை அளந்தார். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எதுவரை விழுகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். போகும்போது ஒரு படிவம் கொடுத்தார். நிரப்பி அனுப்பினால், நமக்கு எது நல்லது என்று கணக்குப் போட்டுச் சொல்வார்களாம்.

அக்கா அதை என் பக்கம் தள்ளினாள். "நீயே எழுது. பொடி எழுத்தெல்லாம் உன் தொழில்தானே." கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவனுக்கு அவள் தருகிற மரியாதை இது.

மார்ச் 8

எழுதிவிட்டேன். பன்னிரண்டாவது கேள்வியில் கொஞ்சம் நின்றேன். உரிமையாளர் இந்த வீட்டில் இன்னும் எத்தனை ஆண்டுகள் வசிப்பார்? அதன் கீழே ஒரு குறிப்பு: எட்டு ஆண்டுகளுக்குக் குறைவு என்றால் வாடகை முறையே ஏற்றது.

அக்காவுக்கு அறுபத்தொன்பது. போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

5 என்று எழுதினேன். சின்னதாக. மதியமே தபாலில் போட்டாயிற்று.

மார்ச் 9

நேற்று எழுதியதில் பாதியை மறைத்திருக்கிறேன். என் டைரியிலேயே எனக்கு ஒளிவுமறைவு.

அந்த ஐந்தை எழுதும்போது அவள் நெஞ்சை மட்டும் நினைக்கவில்லை. பேனல் வாங்கினால் அவள் சேமிப்பில் பெரும்பகுதி போய்விடும். அவளுக்குப் பிறகு அது யாருக்கு? எனக்குத்தான். அதை நினைத்துத்தான் கை எட்டுக்குக் கீழே இறங்கியது. எழுதவே கூசுகிறது. ஆனாலும் கம்பெனிக்கு ஒரு போன் போட்டு, மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னேனா? இல்லை.

மார்ச் 11

அக்காவின் கண்ணில் பவர் கூடியிருந்தது. புது லென்ஸ் தேய்த்து அவளுடைய பழைய ஃப்ரேமிலேயே பொருத்திக் கொடுத்தேன். மாட்டியதும் செய்தித்தாளின் கடைசிப் பக்க விளம்பரங்களை ஒன்றுவிடாமல் உரக்கப் படித்தாள். "எறும்புக்கு மீசை முளைச்சாக்கூடத் தெரியும்டா எனக்கு இனிமே!"

மார்ச் 13

பதில் வந்துவிட்டது. உங்களுக்கு வாடகை முறையே ஏற்றது.

"அவங்களே அப்படியா சொல்றாங்க?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"கணக்கு அப்படித்தான் வருதுக்கா."

கடிதத்தோடு நான் நிரப்பிய படிவத்தின் நகலையும் வைத்திருந்தார்கள். அதை உறைக்குள்ளேயே விட்டு, கூடத்து மேசை இழுப்பறையில் போட்டேன். பார்த்தாலும் அந்தப் பொடி எழுத்து அவளுக்குத் தெரியாது.

மார்ச் 16

அக்காவின் கண்ணாடியில் ஒரு பக்கக் கம்பி லொடலொடவென்று ஆடுகிறது. கடையிலிருந்து புது ஃப்ரேம் கொண்டுவந்தேன். வேண்டாம் என்றுவிட்டாள். "அஞ்சு வருஷத்துக்கு இது தாங்கும்டா. போதும்."

அதென்ன அஞ்சு வருஷம்? சும்மா வாயில் வந்திருக்கும்.

மார்ச் 17

சும்மா வாயில் வரவில்லை.

காலையில் பிளம்பர் வந்தார். தண்ணீர்த் தொட்டியில் விரிசல், மாற்றிவிடலாம் என்றார். அக்கா சொன்னாள்: "ஒட்டுப் போடுங்க. அஞ்சு வருஷம் வந்தா சரி."

அவர் சிரித்தார். "அப்புறம் என்னம்மா பண்ணுவீங்க?"

"அப்புறம் தம்பி பாத்துப்பான்."

பிளம்பர் போனதும் இழுப்பறையைத் திறந்தேன். நகல் உறைக்கு வெளியே, நாலாக மடித்து. பிரித்தேன். என் ஐந்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். வேலையில் இருந்த காலத்தில், நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பிப் போன வண்டிக்குத்தான் பதிவேட்டில் இப்படி வட்டம் போடுவாள்.

ஐயோ. அந்த லென்ஸை நாந்தானேடா தேச்சுக் குடுத்தேன்! இந்தக் கையாலதானே! அவளுக்குப் பொடி எழுத்து தெரியாதுன்னு இத்தனை வருஷப் பழக்கத்துல நெனச்சுக்கிட்டேனே - என்னைச் செருப்பால அடிக்கணும்.

மார்ச் 18

கடையில் ஒருவருக்கு இடது லென்ஸை வலதில் பொருத்திவிட்டேன். முதலாளியே கழற்றி மாற்றிப் பொருத்தினார்.

மார்ச் 19

சொல்லணும். எதைச் சொல்றது? ஐந்தை மட்டுமா, அதுக்குப் பின்னாடி இருந்ததையுமா?

மார்ச் 21

சொல்லிவிட்டேன். அக்கா சமையலறை மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் படிவம்..."

"பாத்தேன்."

"தப்புக்கா."

"எது தப்பு? கணக்கா?"

திட்டியிருந்தால், கையில் இருந்ததை விட்டெறிந்திருந்தால் பரவாயில்லை. அவள் பீன்ஸின் நாரை உரித்து ஓரமாக வைத்தாள். மீதியையும் கொட்டிவிட்டேன். "உன் பணம் செலவாகாம இருக்கட்டும்னு... பின்னாடி எனக்குத்தானே வரும்னு... அப்படி நெனச்சேன்க்கா."

அவள் கை நின்றது. என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"டாக்டர்கூட எங்கிட்ட வருஷம் சொல்லலைடா. நானும் கேக்கல. பயமா இருந்துச்சு. நீ எழுதியே காட்டிட்ட."

பிறகு மீதி பீன்ஸ் முழுவதையும் நறுக்கி முடித்தாள். எழுந்து போகவும் தைரியமில்லாமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவள். அவளுக்கு இருந்த பயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா?

மார்ச் 26

சரியாக எட்டு மணிக்குச் சாப்பாடு. என் தட்டு மூடி வைத்திருக்கிறது. அவள் அறையில் விளக்கு எரிகிறது. பேச்சில்லை. வேறு வீடு பார்த்துப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதுவும் அவள் முகத்தைப் பார்க்காமல் தப்பிக்கிற வழிதான்.

ஏப்ரல் 2

சோலார்காரர் கடைக்கே வந்தார். "உங்க அக்கா போன் பண்ணாங்க சார். சொந்தமாவே வாங்கிக்கிறாங்களாம். உங்க கையெழுத்து ஒண்ணு வேணும்."

"வீடு அவங்களோடதாச்சே. என் கையெழுத்து எதுக்கு?"

"வீடு அவங்களோடதுதான். பேனலை உங்க பேர்ல வாங்கச் சொல்லிட்டாங்க."

புதுப் படிவத்தை லென்ஸ் தூளுக்கு நடுவே விரித்தார். முழுக்க அக்கா கைப்பட எழுதியது. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். கீழே அதே பன்னிரண்டாவது கேள்வி. உரிமையாளர் இந்த வீட்டில் இன்னும் எத்தனை ஆண்டுகள் வசிப்பார்?

25 என்று எழுதியிருந்தாள். கட்டத்தை விட்டு வெளியே வரும் அளவுக்குப் பெரிதாக.

எனக்கு ஐம்பத்தெட்டு. சர்க்கரை வேறு. அவளுக்குத் தெரியாதா என்ன? தினமும் மாத்திரையை எடுத்து வைக்கிறவளே அவள்தான்.

முதலாளி பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். சோலார்காரர் பாவம், பேனாவை நீட்டியபடியே நின்றார்.

சாயங்காலம் அவளிடம் கேட்டேன். "ஏன்க்கா?"

"பேனலுக்கு இருபத்தஞ்சு வருஷம் கேரண்டியாம். நடுவுல ஆள் மாறினா அவங்களுக்குத் தொந்தரவு" என்றாள். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

மே 6

பேனல் ஏறிவிட்டது. குளிர்சாதனப் பெட்டியின் கதவு காலி.

மே 19

"இருபத்தஞ்சு வருஷக்காரரே, மேல தூசி படிஞ்சிருக்கு" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள். துணியும் வாளியுமாக ஏறினேன். அவள் கேலி செய்கிறாள் என்பதே பெரிய விஷயம். ஆனாலும் அந்த இருபத்தைந்தைக் கேட்கிற ஒவ்வொரு முறையும் என் ஐந்து எனக்குள் குத்துகிறது. குத்தட்டும்.

ஜூன் 9

கம்பி ஆடுகிற கண்ணாடியோடு அக்கா கடைக்கு வந்தாள். முதலாளி மலிவான ஃப்ரேம் ஒன்றை எடுத்து நீட்டினார். "உங்களுக்கு இது போதும்மா. ரெண்டு மூணு வருஷம் நல்லா வரும்."

அவள் அதை வாங்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"நீ எடுடா. இருக்கிறதிலேயே ரொம்ப நாள் உழைக்கிறதா பாத்து எடு."

மேல் தட்டில் இருந்ததை எடுத்தேன். கம்பிகளை அவள் காதுக்கு ஏற்றபடி வளைத்தேன். திருகுகளை இரண்டு முறை இறுக்கிக் கொடுத்தேன்.