ஓடைக்கரையில் கிடைத்த யானைத் தலை

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

இன்று பொதுப்பணித்துறையிலிருந்து வந்து ஓடையை அளந்தார்கள். வெள்ளம் ஊருக்குள் வராமல் இரண்டு கரையிலும் சுவர் எழுப்பப்போகிறார்களாம். என் பீங்கான் பொம்மைக் குடோனுக்குப் பின்னால் ஓடை ஒடுங்கி வளைகிறது. அந்த வளைவையே கரை என்று இன்ஜினியர் குறித்துக்கொண்டார். அது கரையே இல்லை. விரிசல் விட்ட பொம்மைகளைப் பத்து வருஷமாகக் கொட்டி, மேலே மண் போட்டு, லாரி திரும்புவதற்கு நான் உண்டாக்கிய இடம்.

மண்ணைப் பார்க்க ஒரு குழி தோண்டினார்கள். கடப்பாரையோடு ஒரு யானைத் தலை வந்தது.

“யாருய்யா இதெல்லாம் கொட்டினது?” என்றார் இன்ஜினியர்.

நான் குனிந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். செல்வி பக்கத்தில் நின்றாள். என்னிடம் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். அவள் வீடு எதிர்க்கரையில். ஒடுங்கிய ஓடை ஒவ்வொரு மழைக்கும் அங்கேதான் ஏறுகிறது.

“இந்த ஊருல எங்க தோண்டுனாலும் பொம்மதாங்க சார் வரும்” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பிறகு யானைத் தலையை என்னிடம் நீட்டினாள். “நான் வச்ச கண்ணுதான், மொதலாளி. செவுரு வந்துட்டா என் வூட்டுக்குத் தண்ணி வராதில்ல?”

“வராது” என்றேன். ஓடை இப்படியே ஒடுங்கிக் கிடந்தால் சுவரைத் தாண்டியும் வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

காலையில் எல்லைக்கல் நடுகிறார்கள். அது கரையில்லை என்று சொன்னால் சுவர் குடோன் பக்கம் தள்ளி வரும்; லாரி திரும்ப இடமில்லை, குடோன் இருந்தும் பிரயோஜனமில்லை.

மழை பிடித்துக்கொண்டது. செல்வி இந்நேரம் அரிசியைக் கட்டில் மேல் ஏற்றியிருப்பாள். இன்ஜினியருக்கு இரண்டு தடவை போன் அடித்துவிட்டேன், எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்துப் பார்க்கிறேன்.