ஏழாவது கையெழுத்து

பிப்ரவரி 3

இன்றும் ஒன்றும் நகரவில்லை. காலை முழுக்க ‘பாதுகாப்பு’ என்ற சொல்லுக்குப் பின்னால் காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று பேச்சு. எங்களை ஆள்கிறவர்களின் தலைநகரத்துக்கே வந்து, எங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்கத் தொடங்கி ஐந்தாவது வாரம். ஏழு பேர் வந்திருக்கிறோம். விடுதி அறையில் சூட்டுக்குழாய் கிழவன் மாதிரி இருமுகிறது. அதன்மேல் என் காலுறையும் வக்கீலண்ணன் காலுறையும் காய்கின்றன. அவர்தான் எங்கள் குழுத் தலைவர். சிறையில் இரண்டு வருஷம் ஒரே கொட்டடி, இங்கே ஒரே அறை. நாட்டுக்கு எப்போது விடுதலையோ, அவர் குறட்டையிலிருந்து எனக்குக் கிடையாது.

பிப்ரவரி 5

அவர்களுடைய சட்டசபையில் எங்களைப் பற்றி விவாதம். மேலே மாடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். பாதி பெஞ்சு காலி. ஒருவர் எழுந்து, இவர்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்றார். அவருக்குப் பின்னால் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் நல்ல மனிதர், எங்களுக்காகத்தான் பேசினார். எங்கள் நாட்டின் பெயரை மட்டும் இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். எங்களுக்கு அடுத்து பால் விலை. அப்போதுதான் சபை நிரம்பியது.

வக்கீலண்ணன் காதோடு சொன்னார்: “நாம பாலா பொறந்திருக்கலாம்டா.”

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். சேவகன் வந்து முறைத்துவிட்டுப் போனான்.

பிப்ரவரி 9

விடுதலைக்குத் தேதி கிடைத்துவிட்டது. அடுத்த ஜனவரி! கட்டிப்பிடித்து அழுதோம். நானும் அழுதேன்.

பிறகு ஒப்பந்த நகலைப் படித்தேன். ஏழாம் பக்கம். தாத்தா எங்கள் நாட்டு மண்ணில் பிறந்தவராக இருந்தால்தான் குடிமகன், அவனுக்குத்தான் ஓட்டு.

என் தாத்தா கப்பலில் வந்தவர். சுரங்கம் திறந்தபோது இவர்கள்தான் ஆள் பிடித்து ஏற்றிவந்தார்கள். அப்பா எங்கள் ஊரிலேயே பிறந்து, சுரங்கத்துக்குள்ளேயே செத்தார். நான், என் மனைவி, பிள்ளைகள், எனக்கு ஓட்டுப் போட்டு அனுப்பிய சுரங்கத்துச் சனம் மொத்தமும் – இந்தப் பக்கத்தின்படி அந்நியர்.

எங்களோடு பேச்சு நடத்துகிற மந்திரியிடம் போய்க் கேட்டேன். அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம். “இது உங்கள் தரப்பு கேட்டது அல்லவா?” என்றார்.

பிப்ரவரி 10

கேட்டுவிட்டேன். வக்கீலண்ணன் கட்டிலில் ஒரு காலுறையோடு உட்கார்ந்திருந்தார்.

“கட்சியில அத்தனை பேரும் ஒத்தக்கால்ல நிக்கிறாங்கடா. சுரங்கத்து ஓட்டு வேணாம்ங்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

“அண்ணே, நான் யாரு?”

“என் தம்பி.”

“ஏழாம் பக்கத்துல?”

இன்னொரு காலுறையைத் தேடி எடுத்தார். அப்புறம், “முதல்ல வீட்டை வாங்குவோம். யாருக்கு எந்த ரூமுன்னு அப்புறம் பேசிக்கலாம்” என்றார்.

“எங்களை வாசல்லயே நிறுத்திட்டீங்களே.”

“ஏழு கையெழுத்தும் இருந்தாத்தான் செல்லும்னு மந்திரி சொல்லிட்டாரு. இல்லேன்னா அவங்க தேர்தல் முடியணும். அப்புறம் வர்றவன் நம்மள திரும்பிப் பாப்பானா? எத்தனை பசங்க ஜெயில்ல கிடக்கறாங்க? உன் ஒருத்தனுக்காக–”

பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் சொன்னதில் எது பொய்? ஒன்றும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 11

வீட்டுக்கு டிரங்கால் போட்டேன். மனைவியைத் தபாலாபீசுக்கு வரச்சொல்லி, லைன் கிடைக்க மத்தியானம் ஆகிவிட்டது. விஷயத்தைச் சொல்லி, கையெழுத்துப் போடவா வேண்டாமா என்று கேட்டேன்.

“சாப்பிட்டீங்களா?” என்றாள்.

“நான் என்ன கேக்கறேன், நீ என்ன கேக்கற?”

“போட்டாலும் போடாட்டியும் வீட்டுக்குத்தானே வரணும். வாங்க.” லைனில் இரைச்சல் ஏறியது. “எங்கப்பாவையும் உங்கப்பாவையும் இங்கதானே பொதைச்சிருக்கோம்” என்றாள். லைன் போய்விட்டது.

பிப்ரவரி 12

போடவில்லை. பேனாவை மூடி மேஜைமேல் வைத்தேன். யாரும் திட்டக்கூட இல்லை.

மார்ச் 2

ஊர் வந்தாயிற்று. கூரை ஓட்டில் கல் விழுகிறது. கடைத்தெருச் சுவரில் ‘துரோகி’ என்று எழுதியிருக்கிறார்கள். எதிர்பார்த்ததுதான். பக்கத்துவீட்டு அக்காவைத்தான் எதிர்பார்க்கவில்லை. அவளும் சுரங்கத்துக்காரி. மூத்தவன் கொடி பிடித்துச் சிறைக்குப் போனவன்.

குழாயடியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்: “நீ போட்டிருந்தா ஜனவரில என் புள்ள வீட்டுக்கு வந்திருப்பான். ஓட்டை வச்சு நான் என்ன பண்ண?”

அவள் குடம் நிரம்பியதும் தூக்கிக் கொடுத்தேன்.

ஜூன் 18

கட்சியிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். மனசாட்சிப்படி நடந்தவனுக்கு நல்ல தூக்கம் வரும் என்பார்கள். எங்கே?

அக்டோபர் 27

சுரங்கத்தில் வேலைநிறுத்தம். ஏழாம் பக்கத்தை மாற்று என்று. நான் தூண்டவில்லை, எனக்கு அந்தத் தெம்பும் இல்லை. வாசலில் முதலில் போய் உட்கார்ந்தது பக்கத்துவீட்டு அக்கா.

“உனக்காக உக்காரல” என்றாள். “ஜெயிலுக்குப் போகும்போது மட்டும் என் புள்ள இந்த ஊர்க்காரனா? வெளிய வந்தா இல்லையா?”

பிப்ரவரி 20

வானொலியில் கேட்டோம். அங்கே ஆட்சி மாறி, புதிய மந்திரி மறுபடி கூப்பிட்டுப் பேசினாராம். இந்தத் தடவை குழுவில் நான் இல்லை. சுரங்கம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததால் அவர்களுக்கும் அவசரம். தேதி, ஆகஸ்ட். தாத்தா போய் அப்பா வந்திருக்கிறார்: அப்பன் இங்கே பிறந்திருந்தால் போதும். பெரும்பாலோர் உள்ளே. கடைசிக் கப்பல்களில் வந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் வெளியே. அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆகஸ்ட் 14

கொடி ஏறியது. கூட்டத்தின் பின்வரிசையில் நின்றேன். ஒருவரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பக்கத்துவீட்டுப் பையன் விடுதலையாகி வந்தான். இடது காது கேட்கவில்லை. மே மாதம் ஒரு காவலாளி அடித்ததாம். மே மாதம். ஜனவரியில் வந்திருந்தால் – எழுதி என்ன ஆகப்போகிறது. அக்கா என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 6

விடுதலைக்குப் பிறகு முதல் தேர்தல். நான் நிற்கவில்லை, நிற்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. சாயங்காலம் அவளோடு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன்.

வழியில் கேட்டேன்: “யாருக்குப் போட்ட?”

“வக்கீலண்ணனுக்கு.”

நின்றுவிட்டேன். “அவருக்கா?”

“போன வாரம் நீங்க இல்லாதப்ப நம்ம தெருவுக்கு வந்தாரு. வாசல்ல நின்னு, செருப்பைக் கழட்டிட்டு, ‘தங்கச்சி, எனக்கு ஓட்டுப் போடும்மா’ன்னு கை கூப்பினாரு.” சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “இத்தனை வருஷத்துல அவரு என்கிட்ட வந்து ஒண்ணு கேட்டது இப்பதான்.”

இன்று சீக்கிரம் தூக்கம் வருகிறது.