இவருடைய பங்கு

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து வாடைக்காற்று. மழை இல்லை, ஆனால் கடல் பக்கம் கறுத்துக் கிடக்கிறது. கட்டா மீனைக் கருவாட்டுக்குக் காயப்போட்டு, தூறல் கண்டு தறப்பாளை இழுத்து மூடி, வெயில் வந்ததும் திறந்து, திரும்ப மூடி. இடுப்பு விட்டுப்போனது.

உப்பு லொறி வந்தது. மூட்டை எல்லாம் ஈரம். கேட்டால் லொறிக்காரன் சொல்கிறான், "உப்பெண்டால் ஈரமாத்தானக்கா இருக்கும்." அந்த வாய்க்கே ஒரு மூட்டை இனாமாக வாங்கியிருக்க வேண்டும்.

நேற்றுக் கல்லறைத் திருநாள். பேசாலை ஊர் முழுக்கச் சேமக்காலையில். மெழுகுதிரி, பூ, பிள்ளைகள். நான் போகவில்லை. போய் யாருடைய கல்லறைக்கு முன்னால் நிற்பது?

மத்தியானம் கருவாட்டு வாடிக்கு எதிரே, மதகடியில் ஒரு கார் வந்து நின்றது. சாம்பல் நிறம். ஆள் பிடிக்கிற வெள்ளை வான் இல்லை, அதுவரைக்கும் ஆறுதல். உள்ளே இரண்டு பேர். ஒருவர் கண்ணாடி போட்டவர். மற்றவர் வயதானவர், கச்சான் கடலை கொறித்துக்கொண்டு. வருகிற ஆள், போகிற ஆள் எல்லோரையும் பார்த்தபடி நெடுநேரம்.

பிறகு கண்ணாடிக்காரர் இறங்கி வந்து கால் கிலோ நெத்தலி கேட்டார். நிறுத்துக் கொடுத்தேன்.

"பில் ஒண்டு தாங்கோ."

இத்தனை வருட வியாபாரத்தில் கால் கிலோ நெத்தலிக்குப் பில் கேட்ட முதல் மனிதர். துண்டில் எழுதிக் கொடுத்தேன். பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"றெஜி எண்டிறது ஆர்?"

"என்ர மனுசன்."

"நிக்கிறாரோ?"

"வெளியில போயிட்டார்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. யார் கேட்டாலும் இதே பதில்தான். அவர் போன பிறகு கதிரையில் இருந்தவள் பொழுது சாயும் வரை எழும்பவில்லை. கட்டா நனைந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

கார் திரும்பவும் அதே இடத்தில்.

சோறு வைக்கவில்லை. தேத்தண்ணி மட்டும்.

அப்போதும் இரண்டு பேர்தான். அப்போதும் எதிரே, இதே மதகடியில், கச்சான். சண்டை முடிவதற்கு முந்திய வருடம். இரண்டு நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் படலையில் வந்து முழுப்பெயர் சொல்லிக் கேட்டார்கள், "செபமாலை றெஜினோல்ட் நிக்கிறாரோ?" இவர் முகம் வழித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கக் கன்னம் வழித்தாயிற்று, மற்றப் பக்கம் சவர்க்கார நுரை. துவாயால் துடைத்துக்கொண்டே போனார். "வாறன், தேத்தண்ணியை மூடி வை" என்றார். மூடி வைத்தேன்.

நாளை மூன்றாம் நாள்.

அன்றைக்கு வாகன இலக்கம் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு எந்த விசாரணைக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். இன்றைக்கு எழுதி மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்துவிட்டேன்.

கருவாடு வாங்குகிற றசாக் நானாவின் லொறி சிலாவத்துறையிலிருந்து வந்து சரக்கு ஏற்றிப் போனது. காரில் இருந்தவர்கள் பெட்டி பெட்டியாக எண்ணினார்கள். கண்ணாடிக்காரரின் உதடு அசைந்ததைக் கண்டேன். கருவாட்டுப் பெட்டியை எண்ணி இவர்களுக்கு என்ன?

மகள் டிலானிக்குப் போன் எடுத்தேன். "அம்மா, இப்ப அந்தக் காலமில்லை" என்றாள். காலம் அவளுக்கு மாறிவிட்டது.

நவம்பர் 5, புதன். போயா விடுமுறை

கார் வரவில்லை. விடிந்ததிலிருந்து மதகடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு இரண்டு படுத்திருந்தன.

டிலானி நானாட்டானிலிருந்து பஸ்ஸில் வந்தாள். பிரதேச செயலகத்தில் வேலை என்றால் லீவு நாளில்தான் தாயைப் பார்க்கலாம். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"போயாவுக்கு லீவு எடுக்கிறவங்கள் கவண்மென்ட் ஆக்கள்தான் அம்மா. பயப்பிடாதேங்கோ."

அன்றைக்கு வந்தவர்கள் யாருடைய ஆட்கள் என்று இன்றைக்கும் தெரியாது. இதை அவளிடம் சொல்லவில்லை.

சாப்பிடும்போது பழைய கதையைத் தொடங்கினாள். "மரணப் பதிவு வேண்டாமெண்டால் விடுங்கோ. காணாமற்போன சான்றிதழெண்டாலும் எடுங்கோவன். நானே ஆக்களுக்கு நிரப்பிக் குடுக்கிறன். என்ர அம்மா மட்டும் எடுக்க மாட்டாவாம்."

"உனக்கு அவரில பாசமில்லை" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு நான்கு மணி பஸ்ஸுக்கே போய்விட்டாள். கொடுத்த சூடைக் கருவாட்டுப் பார்சலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

நவம்பர் 6, வியாழன்

வந்தார்கள். நேரே உள்ளே.

"செபமாலை றெஜினோல்ட் நிக்கிறாரோ?"

அதே முழுப்பெயர். தராசைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்காரர் கதிரையை இழுத்து என்னை இருத்தி, அடையாள அட்டையைக் காட்டினார். "அம்மா, நாங்கள் வரிக் கந்தோரால வாறம்."

வரிக் கந்தோர்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தேன். வயதானவர் சிங்களவர், பயந்துபோய்த் தண்ணி எடுத்து நீட்டினார். இருவருக்கும் தேத்தண்ணி போட்டேன், பனங்கட்டியோடு. வரிக்காரருக்கு இந்த ஊரில் இப்படி உபசாரம் கிடைத்திருக்காது.

பிறகு அவர் சொன்னது: நான் வாங்குகிற உப்புக்கு எவ்வளவு கருவாடு வரவேண்டும் என்று அவர்களுக்குக் கணக்கு இருக்கிறதாம். நான் காட்டும் வருமானம் அதில் பாதிக்குத்தான் சரியாம். கரண்ட் பில்லும் பார்த்தார்களாம், ஐஸ் பெட்டி ஓடுகிற அளவுக்கு நான் காட்டுகிற வியாபாரம் காணாதாம். மதகடியில் இருந்து எண்ணிப் பார்த்ததும் அதற்குத்தான்.

"மிச்சப் பாதியைத் தேடினம். றசாக் எண்ட வியாபாரியின்ர கணக்கில அம்பிட்டுது. பாதிக் காசு உங்களுக்கு, பாதி றெஜினோல்டின்ர பாங்க் கணக்குக்கு. மனுசன் இத்தனை வருசமா ஒழுங்கா உழைக்கிறார், ஒருக்காலும் வருமானம் காட்டேல்லை. அவரைச் சந்திக்கவேணும்."

எத்தனை ஆணைக்குழு, எத்தனை முகாம் வாசல். ஒரு இடத்திலும் ஒருவரும் "இருக்கிறார்" என்று சொன்னதில்லை. இந்த மனிதர் சொல்கிறார், இவர் ஒழுங்காக உழைக்கிறாராம்.

"எங்க நிக்கிறார்?" என்று கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன்.

"அதை நீங்கள்தானே அம்மா சொல்லவேணும்." நக்கல் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். திங்கட்கிழமை கந்தோருக்கு வரச் சொல்லிப் போனார்கள்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். எல்லாம் காய்ந்தது.

ஜும்மா முடிந்து ற. நானா மோட்டார் சைக்கிளில் இவ்வளவு தூரம் வந்தார். முகம் வாடிப்போய்.

"கேட்டாங்க, காட்டினன் தங்கச்சி. பொய்க் கணக்கு எழுதினா மறுமையில நானெல்லோ பதில் சொல்லோணும்."

"நீங்கள் செய்தது சரி நானா."

"வேணுமெண்டா அது என்ட காசு எண்டு சொல்லவா?"

"இப்பதானே மறுமை எண்டீங்கள்."

சிரித்தார். எனக்கும் கொஞ்சம் லேசானது.

நான் வரி ஒளிக்க நினைத்தவள் இல்லை. எங்கள் வீட்டில் வள்ளத்து வழக்கம். அப்பாவின் வள்ளத்தில் காய்ச்சலில் கிடந்தவனுக்கும் பங்கு போகும். கடலுக்கு வராவிட்டாலும் அவன் அந்த வள்ளத்து ஆள். இவர் வாடி தொடங்கியபோதே நானாவிடம் சொன்னார், பாதி என் கணக்குக்கு, பாதி மனுசியின் கையில் என்று. இவர் போன பிறகு நானா கேட்டார், இனி முழுக்க உனக்கோ என்று. வேண்டாம் என்றேன். பங்கை நிறுத்தினால் ஆளை வள்ளத்திலிருந்து இறக்கிவிட்டது போல. அந்தக் கணக்கிலிருந்து ஒரு சதம் எடுத்ததில்லை. பாங்க் புத்தகம் அன்றைக்கு இவருடைய சட்டைப் பையோடு போனது. என் பாதிக்கு நான் ஒழுங்காகக் கணக்குக் காட்டினேன். இவருடைய பாதிக்கு இவர்தானே காட்டவேண்டும்?

நவம்பர் 10, திங்கள்

மன்னார் டவுன். கந்தோரில் நல்ல மின்விசிறி. டி.க்கு லீவு கிடைக்கவில்லை. கோபமாகவும் இருக்கலாம்.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். மதகடி, கச்சான், கன்னத்து நுரை எல்லாம். கண்ணாடிக்காரர் பேனையை வைத்துவிட்டார். வயதானவருக்கு அவர்தான் சிங்களத்தில் சொன்னார். வயதானவர் எழும்பிப் போய் ஜன்னலடியில் நின்றார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. எங்களுக்கு ஒரு இலக்கமும் ஒரு கணக்கும்தான் தெரியும்" என்றார் கண்ணாடிக்காரர்.

இரண்டு வழி இருக்கிறதாம். காசு இவருடையது என்றால் இவர் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். என்னுடையது என்றால் இரண்டு பாதிக்கும் நான் வரி கட்ட வேண்டும், தண்டமும் சேர்த்து, இவரைப் பற்றி ஒரு அத்தாட்சியும் தர வேண்டும். கட்டிவிடுவேன், தோடு அடகுக்குப் போகும், அவ்வளவுதான். அந்த அத்தாட்சிதான், டி. சொல்லிச் சொல்லியும் நான் எடுக்காதது.

எழும்பப் போனவளை மறித்தார். "இன்னுமொண்டு. றசாக்கின்ர காசு தவிர வேற சின்ன வரவும் கிடக்கு. நாலு வருசமா. ஒவ்வொரு பெப்ரவரி பன்னிரண்டும். மெசினில போட்ட காசு, பேரில்லை. ஆர் போடுறது?"

பெப்ரவரி பன்னிரண்டு இவருடைய பிறந்தநாள்.

எப்படி பஸ் ஏறினேன் என்று தெரியாது.

நவம்பர் 11, செவ்வாய்

இவருடைய பிறந்தநாள் தெரிந்தவர்கள்:
மாமி, இவருடைய அம்மா. செத்துப்போனா.
ற. நானா. போனில் கேட்டேன், தெரியாது என்றார்.
டி. அவளுக்கு இவருடைய பேச்செடுத்தாலே பிடிக்காது.
நான்.
இவர்.

அலுமாரியைத் திறந்து இவருடைய சட்டைகளை வெயிலில் போட்டேன். கருவாட்டுத் தட்டிக்குப் பக்கத்தில் போட்டு மணம் பிடித்துவிட்டது. திரும்பத் தோய்த்தேன். அரிசி ஒரு சுண்டு கூடப் போட்டேன். செய்வது விசர் என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

எங்கேயோ இருக்கிறார். வர முடியாமல் இருக்கிறார். பிறந்தநாளுக்குத் தன் கணக்கில் காசு போட்டு, இருக்கிறேன் என்று சொல்கிறார். வேறு எப்படிச் சொல்வது?

வாகனச் சத்தம் கேட்டபோதெல்லாம் படலைக்கு ஓடினேன். பாண்காரன். மீன் லொறி. பாண்காரன்.

நவம்பர் 12, புதன்

டி. அரை நாள் லீவில் வந்தாள். கையில் அந்தச் சான்றிதழ் விண்ணப்பம். கொடியில் சட்டைகளைக் கண்டு படலையிலேயே நின்றுவிட்டாள்.

"இருக்கிறாரடி" என்றேன். "பெப்ரவரி பன்னிரண்டுக்கு காசு போடுறார். வரிக் கந்தோரில கண்டுபிடிச்சிட்டினம்."

பிள்ளையின் முகம் வெளிறிப்போனது. நிலத்தில் குந்தி இருந்தாள்.

"அம்மா, அது நான்."

எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி நின்றேன்.

"முதல் சம்பளம் எடுத்த வருசத்திலயிருந்து. நானா தாற ரசீதுக் கட்டில கணக்கு இலக்கம் பார்த்தனான். எல்லாப் பிள்ளையளும் தகப்பனுக்குச் சட்டை வாங்குதுகள். நான் என்ன செய்யிறது?"

"அப்ப ஏன் செத்துப்போனார், செத்துப்போனார் எண்டு என்னை அரிச்செடுத்தனீ?"

"நான் அப்பிடிச் சொல்லாட்டி நீங்கள் படலையிலயே நிண்டிடுவீங்கள் எண்டு."

அடிக்கக் கை ஓங்கினேன். கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம். அவளுக்கு அப்பாவின் முகம் ஞாபகமில்லையாம், சவர்க்கார மணம்தான் ஞாபகமாம். இத்தனை வருடம் ஒரு வீட்டில் இருந்தும் இதை எனக்குச் சொன்னதில்லை.

சட்டைகளை அவள்தான் மடித்து வைத்தாள்.

நவம்பர் 13, வியாழன்

முழுக்க மழை. வேலை இல்லை. கீரி மீன் கொஞ்சம் பழுதாய்ப்போனது, எறிந்தேன்.

இரண்டு நாள் இவர் இருந்தார். இப்போது திரும்பவும் இல்லை. முதல் தரம் போனபோது இவ்வளவு வெறுமையாக இருக்கவில்லை.

விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தேன். காணாமற்போனவர் என்று. அது பொய்யில்லை.

நவம்பர் 14, வெள்ளி

தூறல். டி.யோடு கந்தோர். இரண்டு பாதியும் என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். வயதானவர் எனக்கு மட்டும் தேத்தண்ணி எடுப்பித்தார்.

கடைசியில் கண்ணாடிக்காரர் அந்தச் சின்னக் காசைத் தொட்டார். "இது ஆர் போட்டதெண்டு சொன்னால் கழிச்சுவிடலாம் அம்மா. வருமானத்தில சேராது."

டி. வாயைத் திறந்தாள். மேசைக்குக் கீழே அவளுடைய கையைப் பிடித்து அமத்தினேன். ஊரெல்லாம் இவரை இல்லை என்று எழுதியாயிற்று, நானும் எழுதியாயிற்று. யாரோ பிறந்தநாளுக்குக் காசு போடுகிறார் என்று ஒரு இடத்திலாவது கிடக்கட்டும்.

"தெரியாது" என்றேன்.

அவர் டி.யைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெரியாட்டி விளக்கமில்லாத வரவு எண்டுதான் போடவேணும். அதுக்கும் வரி வரும்."

"போடுங்கோ. கட்டுறன்."